34 வயதில் மருத்துவப் படிப்பு: கிளம்பலாமா, விட்டுவிடலாமா?

சர்வீஸ்_இன்ஜினியர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. டயாலிசிஸ் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை, படிப்பு முடித்ததிலிருந்து இதே துறைதான். கண்டக்டிவிட்டி அலாரம் அடிக்கிறது, ஹீட்டர் போய்விட்டது, ஃப்ளோ வரவில்லை என்று கூப்பிடுவார்கள், போய்ச் சரிசெய்து, டிஸ்இன்ஃபெக்‌ஷன் ஓடவிட்டு, டெஸ்ட் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்த டிஸ்இன்ஃபெக்‌ஷன் ஓடுகிற நேரத்தில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் நெஃப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக மருத்துவர், ரவுண்ட்ஸ் வருவார். ஒருவரின் கணுக்காலை விரலால் அழுத்தி, அந்தக் குழி எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதை மாற்றச் சொல்வார். அந்த எண்ணை அழுத்தினால் மெஷினுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், அந்த ஆளுக்குள் என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. இந்த எரிச்சல் ரொம்ப நாளாக இருக்கிறது, இப்போது தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கல்யாணமாகி ஒரு குழந்தை, ஐந்து வயது. மனைவியும் வேலைக்குப் போகிறார், அவருக்கு வெளிநாட்டு மாறுதல் வரலாம் என்பதால் எந்த நாட்டில் இருப்போம் என்றே இன்னும் உறுதியில்லை. பள்ளியில் நான் உயிரியல் எடுக்கவில்லை, கணிதப் பிரிவு. இந்த வயதில் மருத்துவம் படிக்கக் கிளம்பினால் எப்போது முடியும், மண்டையில் ஏறுமா, விதிப்படி சேர்த்துக்கொள்வார்களா, இதுதான் கேள்வி. "வயது வெறும் எண்தான்" என்று யாரும் எழுத வேண்டாம், அதை நானே எனக்கு நிறையச் சொல்லிக்கொண்டாயிற்று.

கணக்குப்பிள்ளை:

முதலில் விதி. இந்தியாவில் நீட் எழுத மேல் வயது வரம்பு கிடையாது, 2022-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான், அந்தத் தகுதி உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. உயிரியல் படிக்காததும் முன்பு போல முட்டுச்சுவர் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்கா என்றால் கதையே வேறு, ஏதாவது ஒரு பட்டம், அதோடு உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் பாடங்களை லேபோடு முடித்திருக்க வேண்டும், அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு. அந்த மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் மதிக்கும், அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கென்றே 4 வருடப் படிப்பு இருக்கிறது, யூகேட் அல்லது கேம்சாட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், போட்டி கழுத்தைப் பிடிக்கும்.

இப்போது வருடக் கணக்கு, எனக்குப் பிடித்த பகுதி. இந்தியா: தயாரிப்புக்கு இரண்டு வருடம் வையுங்கள், 36. எம்பிபிஎஸ் நாலரை வருடம், இன்டர்ன்ஷிப் ஒன்று, 41 தாண்டிவிடும். பிஜி, அதாவது மேற்படிப்பு, நுழைவுத்தேர்வு, சீட், மூன்று வருடம்: 45. அமெரிக்கா: தேவையான பாடங்களை முடிக்க இரண்டு வருடம், விண்ணப்பிப்பதற்கே கிட்டத்தட்ட ஒரு வருடம் போகும், படிப்பு 4, பொது மருத்துவத்தில் ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி) 3: 44. பிரிட்டன்: 36-இல் சேர்ந்தால் படிப்பு 4, ஃபவுண்டேஷன் என்ற ஆரம்பப் பயிற்சி 2, குடும்ப மருத்துவர் பயிற்சி 3: 45. எந்த நாட்டைப் பிடித்தாலும் சுற்றிச் சுற்றி 45-இல்தான் வந்து நிற்கிறது, இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு தடவையில் தேறி, எங்கும் ஒரு வருடம் கூட வீணாகாமல் போனால்தான் இது. இந்தியாவில் பிஜி வேண்டாம், எம்பிபிஎஸ்ஸோடு நின்று பிராக்டிஸ் செய்கிறேன் என்றால் 42.

இன்னொன்று, பணத்தைப் பார்க்கும்போது சம்பளமே இல்லாத வருடங்களையும் சம்பளம் குறைவான வருடங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கல்லூரியில் இருக்கும் நாலு, நாலரை வருடம்தான் முழு வறட்சி. இன்டர்ன்ஷிப், பிஜி, ரெசிடென்சி எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கையில் வரும். எல்லோரும் "பத்து வருடம் வருமானம் இல்லை" என்று மொத்தமாகப் பயமுறுத்துவார்கள், அது சரியில்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் இப்போதைய வேலையில் நீங்கள் சேர்த்திருக்கக்கூடியதையும் செலவில்தான் எழுத வேண்டும், அதை எழுதாமல் விடுவதும் சரியில்லை.

லேட்_பேட்ச்:

33-இல் சேர்ந்தவன், இப்போது பொது மருத்துவத்தில் ரெசிடென்ட். அதற்கு முன்னால் தணிக்கை வேலை.

மண்டையில் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும், ஆனால் வேறு விதமாக. முதல் வருடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பிராக்கியல் பிளெக்சஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) ஒரே ராத்திரியில் நெட்டுருப் போட்டு மறுநாள் வைவாவில் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது நடக்கவே நடக்காது. நான் வெள்ளைத்தாளில் வரைந்து, கிழித்துப் போட்டு, மறுபடி வரைந்தால்தான் நிற்கும். படித்ததையே திரும்பப் படிப்பது வேலைக்காகாது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். ஆன்கி என்று ஒரு செயலி இருக்கிறது, மறக்கப்போகிற சமயம் பார்த்து அந்தக் கேள்வியையே திரும்பக் கொண்டுவந்து நீட்டும், மருத்துவ மாணவர்கள் பாதிப் பேர் அதில்தான் வாழ்கிறார்கள். தினமும் விடாமல் செய்கிற ஒழுங்கு வேலைக்குப் போய்ப் பழகியவனுக்கு இருக்கும், அதில் சின்னப் பிள்ளைகளைவிட நமக்குத்தான் கை ஓங்கும்.

உடம்பு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வெள்ளெழுத்து கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. கேனுலா போடும்போது ஊசிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ரத்தம் எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரிவதில்லை, அவசரத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்கும்போது நர்ஸ் அக்கா ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள். ராத்திரி டூட்டி முடிந்தால் கூட இருக்கிற 25 வயதுப் பையன் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து விளையாடப் போய்விடுவான், எனக்கு அடுத்த நாளும் சேர்ந்து போய்விடும். அமெரிக்காவில் ரெசிடென்ட்டுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்று 2003-இல் வரம்பு கொண்டுவந்தார்கள், அதுவும் நாலு வாரச் சராசரி. பிரிட்டனில் சராசரி 48. விதி இருப்பது நல்லதுதான். ஆனால் 80 மணி நேரம் என்பதை "வரம்பு" என்று சொல்கிற ஒரு தொழிலுக்குள் வருகிறீர்கள் என்பதை மனதில் வையுங்கள்.

மாணவனாக இருந்தபோது வயதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. நரைத்த தலையோடு வார்டில் நின்றால் நோயாளியின் சொந்தக்காரர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள், பக்கத்தில் நிற்கிற என் சீனியர், என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண், அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "நான் மாணவன்தான், அவங்கதான் டாக்டர்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட வேண்டும், அதில் கௌரவம் பார்த்தால் அந்தச் சீனியர் உங்களுக்கு எதையும் சொல்லித்தர மாட்டார். பதினைந்து வருடம் ஒரு துறையில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் ஒன்றும் தெரியாதவனாக நிற்பது இருக்கிறதே, எனக்குப் படிப்பைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பழைய_ஸ்டெத்:

தம்பி, நான் ரொம்ப வருடமாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். மற்றவர்கள் வழி சொல்கிறார்கள், நான் கொஞ்சம் தடுத்துப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் ஒரு மருத்துவர்தான் வருகிறார், நெஃப்ராலஜிஸ்ட். மேலே கணக்குப்பிள்ளை போட்ட 45 பொது மருத்துவத்தோடு நிற்கிறது. நெஃப்ராலஜி அதற்கு மேலே ஒரு மாடி. இந்தியாவில் எம்டி முடித்து, இன்னொரு நுழைவுத்தேர்வு எழுதி, டிஎம் என்ற சிறப்புப் படிப்பு மூன்று வருடம். அமெரிக்காவில் ரெசிடென்சிக்குப் பிறகு ஃபெல்லோஷிப் இரண்டு வருடம். ஆக, நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட அந்த மனிதராக ஆவதற்கு அமெரிக்காவில் 46 ஆகும், இந்தியாவில் 50-ஐ நெருங்கிவிடும். வழியில் சீட் கிடைக்காமல் வேறு துறைக்குள் போகவும் வேண்டியிருக்கும், மயக்க மருந்தோ தோல் நோயோ குழந்தை மருத்துவமோ. அப்போதும் சந்தோஷமாக இருப்பீர்களா? "நெஃப்ராலஜிஸ்ட் ஆக வேண்டும்" என்று வருகிறவர்களுக்கு நான் இந்த வயதில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். "எந்த வார்டில் போட்டாலும் மருத்துவராக இருந்தால் போதும்" என்பவர்களிடம் மேலே பேசலாம்.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டியது புரிந்துகொள்வதா, பொறுப்பா? இரண்டும் ஒன்றில்லை. அந்த ஆளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது புரிதலுக்கான பசி, நல்ல பசி, அதற்கு எம்பிபிஎஸ் தேவையே இல்லை. ஃபிசியாலஜி படியுங்கள், பயோமெடிக்கல் ஆராய்ச்சிக்குப் போங்கள், டயாலிசிஸ் கருவிகளை வடிவமைக்கிற இடத்தில் உங்களை மாதிரி ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நோயாளி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றால் டயாலிசிஸ் டெக்னாலஜிஸ்ட் இருக்கிறது, பிசிஷியன் அசிஸ்டன்ட் இருக்கிறது, சில நாடுகளில் அது 2 முதல் 3 வருடத்தில் முடிந்துவிடும். மருத்துவர் என்பது பொறுப்பு. ராத்திரி 3 மணிக்கு, ஒருவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 7, உயிருக்கே ஆபத்தான அளவு, என்று ரிப்போர்ட் வருகிறது, ஈசிஜியில் டி அலைகள் கூடாரம் மாதிரி கூராக நிற்கின்றன, கால்சியம் குளுக்கோனேட் போடச் சொல்லிவிட்டு டயாலிசிஸ் ஆட்களை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டும், நீங்கள் வாயைத் திறக்கிறவரை அந்த அறையில் ஒருவரும் அசைய மாட்டார்கள். அந்த இடத்தில் நிற்கப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. ராத்திரியில் சர்வீஸ் கால் வரும்போது அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இன்னும் ஒன்று. வயதானவர்களை ஏஜென்ட்டுகள் குறிவைப்பார்கள், "நாலே வருடம், வெளிநாட்டில், தேர்வே வேண்டாம்" என்பார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் பதிவுசெய்ய வேண்டும் என்றால் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப், ஆங்கில வழி, கிளம்புவதற்கு முன் நீட் தேறியிருக்க வேண்டும், திரும்பி வந்து தகுதித் தேர்வும் உண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பட்டம் உங்களுக்கு இங்கே உதவாது.

நூலகப்_பூனை:

பழைய ஸ்டெத் ஐயா பயமுறுத்துவதைப் பார்த்தால் யாருமே தாமதமாக வந்ததில்லை போலிருக்கிறது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் இறையியல் அறிஞராகவும் ஆர்கன் இசைக் கலைஞராகவும் பேர் வாங்கிய பிறகு 1905-இல், 30 வயதில் மருத்துவம் படிக்கப் போனவர், 1913-இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரைவிடப் பொருத்தமான ஆள் சிசிலி சாண்டர்ஸ். போர்க்காலத்தில் நர்ஸாக இருந்தார், முதுகு வலி வந்து அதை விட வேண்டியதாகிவிட்டது, பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தார், சாகப்போகிறவர்களின் வலியை யாரும் பொருட்படுத்தவில்லை என்று பார்த்துவிட்டு 33-இல் மருத்துவம் சேர்ந்து 1957-இல் முடித்தார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, சாகப்போகிறவர்களைக் கவனிக்கும் இல்லத்தை, தொடங்கினார். அவருடைய பழைய வேலைதான் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. மெஷினையும் மனிதனையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு மருத்துவர் வந்தால் நல்லதுதானே? 2020-இல் ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் நீட் தேறி எம்பிபிஎஸ் சேர்ந்த செய்தியும் வந்தது.

பழைய_ஸ்டெத்:

சாண்டர்ஸைப் பற்றி எனக்கும் பெரிய மரியாதை. 33-இல் சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை, 1980 வரை கல்யாணம் செய்யவில்லை. 64 வயதுக்காரர் வேலையில் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர். ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு இந்த உதாரணங்கள் காற்றோடு போகும். யார் மூலையில் நின்று சுமந்தார்கள் என்பது இந்த மாதிரி செய்திகளில் வராது.

தூங்காத_வீடு:

நான் சுமந்தவள். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் முப்பதுகளின் நடுவில் சேர்ந்தார், இப்போது முடித்துவிட்டார். நல்ல மருத்துவர், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இங்கே எல்லோரும் "எத்தனை வருடம்" என்றே பேசுகிறீர்கள், நாள் எப்படி ஓடியது என்று ஒருவரும் எழுதவில்லை. பரீட்சை சமயத்தில் அவர் வீட்டிலேயே இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர் பாடப்புத்தகத்தைப் புரட்டி நாலு பெரிய வியாதியின் பேர் சொல்வார், ராத்திரி நெற்றியில் துணி போட்டு உட்கார்ந்திருப்பது நான். இன்டர்ன்ஷிப்பில் டூட்டி பட்டியல் கடைசி நேரத்தில் மாறும், பள்ளியில் பெற்றோர் கூட்டமா, உறவுக்காரர் கல்யாணமா, எதற்கும் இரண்டு பேர் பேரைச் சேர்த்து வருகிறோம் என்று சொல்ல முடியாது. முப்பதுகளின் கடைசியில் நம் அப்பா அம்மாவுக்கும் உடம்புக்கு வர ஆரம்பிக்கும், அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் ஒருவர் மருத்துவம் படிக்கிறார் என்று தெரிந்ததும் சொந்தம் முழுக்க ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பும், அது தனிக் கூத்து.

"சம்மதமா" என்று என்னைக் கேட்டார், நானும் "சம்மதம்" என்றேன். அந்தக் கேள்வி போதாது. குழந்தையை யார் எழுப்பிக் கிளப்புவது, வேலையை விட்டதும் போகிற மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன மாற்று, எனக்கு நல்ல வேலை வேறு ஊரில் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது, ஒரு தடவை தோற்றால் இன்னொரு தடவை எழுதுவதா நிறுத்துவதா, இவ்வளவையும் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். எங்கே நிறுத்துவது என்று முன்னாலேயே பேசாவிட்டால் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று போய்க்கொண்டே இருக்கும், சண்டையும் அங்கிருந்துதான் வரும்.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதோடு ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்ந்த பிறகும் கடிகாரம் ஓடும். இந்தியாவில் இப்போதைய விதிப்படி முதல் வருடத் தேர்வுக்கு அதிகபட்சம் நாலு வாய்ப்பு, சேர்ந்த நாளிலிருந்து 9 வருடத்துக்குள் படிப்பை முடித்துவிட வேண்டும். நடுவில் குடும்பக் காரணத்துக்காக நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள்.

சர்வீஸ்_இன்ஜினியர்:

எல்லோருக்கும் நன்றி, பழைய ஸ்டெத் ஐயாவுக்குக் கூடுதலாக. நெஃப்ராலஜி தவிர வேறு எதையும் நான் யோசித்துப் பார்த்ததே இல்லை என்பது அவர் எழுதிய பிறகுதான் உறைத்தது. தோல் நோய் வார்டில் என்னை நிறுத்திப் பார்த்தேன், மனதில் எந்தப் படமும் வரவில்லை. பொட்டாசியம் 7 பற்றி எழுதினாரே, அந்த மாதிரி ஒரு ராத்திரியில் மெஷினோடு நான் நின்றிருக்கிறேன். அந்த இடம் பிடிக்குமா என்றால், பயமாக இருந்தது, ஆனால் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. இது பதிலா என்று தெரியவில்லை. வேலையை இப்போதைக்கு விடப் போவதில்லை. விடாமலே என்ன செய்து பார்க்கலாம், லேட் பேட்ச் சொல்லுங்கள்.

லேட்_பேட்ச்:

சிறுநீரக அத்தியாயத்தைத் தொடாதீர்கள், அது உங்களுக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எம்பிரியாலஜியை (கரு வளரும் விதம் பற்றிய பாடம்) எடுங்கள், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி. வேலைக்குப் போய்க்கொண்டே, தினமும் ஒரு மணி நேரம், மூன்று மாதம். பிடிக்க வேண்டும் என்று இல்லை, பிடிக்காததோடு தினமும் உட்கார முடிகிறதா என்று பார்க்கத்தான். கூடவே, உங்களுக்கு உள்ளே போக அனுமதி இருக்கிற மருத்துவமனையில் முறையாகக் கேட்டு, டயாலிசிஸ் இல்லாத ஒரு பிரிவில் சில நாள் ஓரமாக நின்று பாருங்கள். முதியோர் பிரிவு நல்லது. அங்கே அவசரமும் இருக்காது, அதிசயமும் நடக்காது, பெரும்பாலான மருத்துவம் அப்படித்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து வந்து எழுதுங்கள்.

தூங்காத_வீடு:

மனைவியிடம் சொல்லியாயிற்றா? அதை எங்கேயுமே எழுதவில்லையே.

சர்வீஸ்_இன்ஜினியர்:

நேற்று ராத்திரி இந்தத் திரியை முழுக்க அவரிடம் படிக்கக் கொடுத்தேன். உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தார். எங்கே நிறுத்துவது என்பதை அவர்தான் எழுதுவாராம், நான் எழுதினால் நிறுத்த மாட்டேனாம். எம்பிரியாலஜி புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு லைப்ரரியில் எடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.